நேண்ட் சிப்பில் பேட் பிளாக்: பார்ப்பது, குறித்து வைப்பது, தாண்டி எழுதுவது

புது நேண்ட் சிப்பை (மின்சாரம் போனாலும் டேட்டாவைக் காக்கும் ஃபிளாஷ் மெமரி) போர்டில் ஏற்றி முதல் தடவை பூட் செய்ததும், சீரியல் திரையில் "பேட் பிளாக்" என்று இரண்டு மூன்று வரிகள் ஓடும். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். நேண்ட் சிப்புகள் ஆலையிலிருந்தே சில கெட்ட பிளாக்குகளோடுதான் (பிளாக் என்பது ஒரே தடவையில் அழியும் துண்டு) வருகின்றன, டேட்டாஷீட்டும் அதை ஒளிக்காமல் சொல்கிறது. 1 ஜிகாபிட் எஸ்எல்சி (ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் வகை) சிப்பில் மொத்தம் 1024 பிளாக். அதில் குறைந்தது 1004 நன்றாக இருக்கும் என்பதுதான் வழக்கமான உத்தரவாதம். 20 வரை கெட்டிருந்தாலும் சிப் நல்ல சிப்தான். வயலில் ஒரு மூலை உவராக இருந்தால் அதை விட்டுவிட்டு நடுகிறோமே, அந்தக் கணக்கு. ஒவ்வொரு பிளாக்கும் தனி டிரான்சிஸ்டர்களால் பிரிக்கப்பட்டிருப்பதால், கெட்டது பக்கத்து நல்லதைக் கெடுக்காது.

கெட்ட பிளாக் இருப்பதால் கருவி பழுதாவதில்லை. எது கெட்டது என்ற பதிவை நாமே அழித்துவிடுவதாலும், முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி எழுதுவதாலும்தான் பல ரவுட்டர்களும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர் போர்டுகளும் பூட் ஆகாமல் கிடக்கின்றன.

இங்கே பேசுவது, லினக்ஸ் ஓடும் போர்டுகளில் நேரடியாக இணைந்த வெறும் நேண்ட் சிப்பைப் பற்றி. எஸ்டி கார்டு, இஎம்எம்சி, எஸ்எஸ்டி மூன்றிலும் உள்ளே ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்து இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அவற்றில் நம்மால் முடிந்தது நலம் விசாரிப்பது மட்டும். எஸ்எஸ்டி என்றால், அது தன் நலம் பற்றித் தானே தரும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் மீதமுள்ள ஸ்பேர் அளவைப் பாருங்கள். இஎம்எம்சி 5.0 முதல் ஆயுள் முடிவு பற்றிய முன்னெச்சரிக்கைப் பதிவு ஒன்று உண்டு: 1 என்றால் சரி, 2 என்றால் மாற்றுப் பிளாக்குகளில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது, 3 என்றால் உடனே மாற்று. எஸ்டி கார்டில் பேட் செக்டர் தேடும் மென்பொருளை ஓட்டுவது அநேகமாக வெட்டி வேலை. கன்ட்ரோலர் காட்டும் முகவரி வேறு, சிப்பில் இருக்கும் இடம் வேறு.

சிப்பின் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

உதாரணத்துக்கு 128 மெகாபைட் எஸ்எல்சி சிப்பை, அதாவது மேலே சொன்ன 1 ஜிகாபிட் சிப்பை, எடுத்துக்கொள்வோம். ஒரு பேஜ் 2048 பைட், அதோடு ஒட்டி 64 பைட் ஸ்பேர் பகுதி. இந்த ஸ்பேரைத்தான் ஓஓபி என்கிறோம். 64 பேஜ் சேர்ந்தால் ஒரு பிளாக், அதாவது 128 கிலோபைட். எழுதுவது பேஜ் பேஜாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதும்போது தேவையானவை 0 ஆகும். ஒரே ஒரு 0 மறுபடி 1 ஆக வேண்டுமென்றாலும் முழுப் பிளாக்கையும் அழித்தாக வேண்டும்.

லினக்ஸில் வெறும் ஃபிளாஷைக் கையாளும் பகுதிக்கு எம்டிடி என்று பெயர். உங்கள் போர்டின் அளவுகளை அதன் 'எம்டிடிஇன்ஃபோ' கட்டளை காட்டும். பிளாக் அளவு, குறைந்தபட்சம் எழுதும் அளவு, சப்பேஜ் (பேஜில் தனியே எழுதக்கூடிய துண்டு) அளவு, ஓஓபி அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிப்பில் ஏற்றும் இமேஜ் கோப்பைத் தயாரிக்கும்போது இதில் ஒன்று பிசகினாலும் மவுன்ட் ஆகாது.

ஆலையில் சோதித்துக் கெட்டது என்று கண்ட பிளாக்கின் ஸ்பேர் பகுதியில் ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். 2048 பைட் பேஜ் சிப்புகளில் பொதுவாக முதல் பேஜின் ஸ்பேரில் முதல் பைட். சில தயாரிப்பாளர்கள் இரண்டாம் பேஜிலோ கடைசிப் பேஜிலோ வைப்பதுண்டு, ஆகவே டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள். பழைய 512 பைட் பேஜ் சிப்புகளில் ஸ்பேரின் ஆறாவது பைட். அந்த இடத்தில் எஃப்எஃப் (எட்டு பிட்டும் 1) இருந்தால் நல்ல பிளாக், வேறு எது இருந்தாலும் கெட்டது.

இந்த அடையாளமும் சாதாரண ஃபிளாஷ் செல்லில்தான் இருக்கிறது. அழி என்று கட்டாயப்படுத்தினால் பல சமயம் அதுவும் அழிந்துவிடும்.

முதல் அழிப்புக்கு முன் பட்டியல்

லினக்ஸுக்கு முன் ஓடும் பூட்லோடரான யு-பூட்டின் வரியில் நிறுத்தி 'நேண்ட் பேட்' என்று கொடுங்கள். கெட்ட பிளாக்குகளின் முகவரிகள் வரும். அதை அப்படியே கோப்பில் நகலெடுத்து, சிப்பின் பெயரோடும் போர்டின் சீரியல் எண்ணோடும் சேர்த்து வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பின்னால் எதையும் சரிசெய்ய இந்தப் பட்டியல்தான் ஒரே ஆதாரம்.

பட்டியலின் கடைசியில் நான்கு பிளாக்குகள் வரிசையாக நின்றால் பதற வேண்டாம். 128 மெகாபைட் சிப்பில் அவை 07எஃப்80000, 07எஃப்ஏ0000, 07எஃப்சி0000, 07எஃப்இ0000 என்று இருக்கும். அவை கெட்டவை அல்ல. கெட்ட பிளாக் அட்டவணையை, அதாவது பிபிடியை, சிப்பிலேயே சேமிக்க லினக்ஸும் யு-பூட்டும் ஒதுக்கி வைத்த இடம் அது. ஒரு பிளாக்குக்கு 2 பிட் வீதம் 1024 பிளாக்குக்கு வெறும் 256 பைட் போதும். ஆனால் அட்டவணைக்கு ஒரு நகலும், அந்த இடமே கெட்டுப்போனால் மாற்று இடமும் வேண்டும் என்பதால் நான்கு பிளாக்.

பிபிடி எதற்கு, ஒவ்வொரு தடவையும் அடையாளத்தைப் படித்துக்கொண்டால் போதாதா? சில ப்ராசசர்களில் போதாது. ஐ.எம்எக்ஸ் வரிசை போன்றவற்றில் இசிசி (பிட் பிழையைக் கண்டு திருத்தும்) அமைப்பு, டேட்டாவையும் திருத்தும் பிட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்குகிறது. ஆலை அடையாளம் இருந்த இடத்தில் சாதாரண டேட்டா வந்து உட்கார்ந்துவிடும். அதைச் சமாளிக்க டிரைவர் பைட்டை இடம் மாற்றி வைக்கிறது. இந்த ஏற்பாடு தெரியாத இன்னொரு மென்பொருள் அதே சிப்பைப் படித்தால் நல்லதையெல்லாம் கெட்டது என்று சொல்லும்.

இங்கே ஒரு கட்டளையைப் பெயர் சொல்லியே எச்சரிக்க வேண்டும்: 'நேண்ட் ஸ்க்ரப்'. "அழிக்க மாட்டேன் என்கிறது, ஸ்க்ரப் போடுங்கள்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அது கெட்டது நல்லது பார்க்காமல் எல்லாவற்றையும் அழிக்கும், ஆலை அடையாளங்களும் போகும். நிஜமாகவா என்று கேட்கும்போது 'என்' (N) எழுத்தை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். ஆலையில் வெவ்வேறு வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் சோதித்துக் கண்டுபிடித்த பலவீனங்களை மேசையில் வைத்துத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. சோதனையில் தேறிய பிளாக் ஆறு மாதம் கழித்துக் கோடை வெயிலில் காலை வாரும். ஏற்கனவே ஸ்க்ரப் செய்துவிட்டிருந்தால், எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு முகவரிக்கும் 'நேண்ட் மார்க்பேட்' கொடுங்கள். பட்டியல் இல்லையென்றால் நம்பிக்கைக்குரிய வேலைக்கு அந்தச் சிப்பைப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அழிப்பதும் எழுதுவதும்

லினக்ஸில் ஒரு பார்ட்டிஷனை அழிக்க 'ஃபிளாஷ்_எரேஸ்' கட்டளை. தொடக்கம் 0, எண்ணிக்கை 0 என்று கொடுத்தால் பார்ட்டிஷன் முழுவதும் அழியும், கெட்ட பிளாக்குகளைத் தானே தாண்டிப் போகும். எழுத 'நேண்ட்ரைட்', அதோடு 'பி' விருப்பம். கோப்பின் கடைசித் துண்டு ஒரு பேஜை நிரப்பாவிட்டால் மீதியை இட்டு நிரப்புவது இந்த 'பி'. இல்லாவிட்டால், அளவு பேஜுக்குப் பொருந்தவில்லை என்று நின்றுவிடும்.

'டிடி' கட்டளையால், ஃபிளாஷை டிஸ்க் போலக் காட்டும் எம்டிடிபிளாக் சாதனத்தில் எழுதக் கூடாது. ஹார்டு டிஸ்க் பழக்கத்தில் வருகிறவர்கள் தவறாமல் மாட்டுவது இங்கேதான். அந்த வழிக்குக் கெட்ட பிளாக்கைத் தாண்டத் தெரியாது. வழியில் கெட்ட பிளாக் இல்லாத போர்டில் அதிர்ஷ்டவசமாக வேலை செய்யும், அடுத்த போர்டில் பாதியில் நிற்கும். பத்துப் போர்டில் ஒன்று மட்டும் பூட் ஆகவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தாண்டி எழுதுவதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 4 மெகாபைட் கெர்னல் என்பது 32 பிளாக். பார்ட்டிஷனையும் சரியாக 32 பிளாக்காக வைத்தால், நடுவில் ஒன்று கெட்டிருந்தாலும் கடைசி 128 கிலோபைட்டுக்கு இடம் இருக்காது. 40 பிளாக் ஒதுக்குங்கள். கெர்னல் வளரவும் இடம் வேண்டும் என்றால் 48. இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. படிக்கும் பக்கமும் அதேபோல் தாண்டிப் படிக்க வேண்டும். யு-பூட்டின் 'நேண்ட் ரீட்' தாண்டும். நீங்களே எழுதிய சின்ன லோடர் தாண்டுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட் பகுதி தனிக் கதை. ப்ராசசரின் ராம் அல்ல, உள்ளே பதிந்த ரோம் நிரலே முதல் துண்டைப் படிக்கிறது, அதற்கு எம்டிடியும் தெரியாது, பிபிடியும் தெரியாது. அதனால்தான் சிப் வாங்கும்போது பிளாக் 0 நல்லதாகவே இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் ப்ராசசரில் ரோம், முதல் நான்கு பிளாக்குகளில் வரிசையாகத் தேடும். எனவே யு-பூட்டை ஏற்றும் சிறிய முதல் துண்டான எஸ்பிஎல் கோப்பை நான்கிலும் ஒவ்வொரு நகலாக எழுதிவிடுவதுதான் முறை. ஒரு நகல் மட்டும் எழுதிவிட்டு "ஓடுகிறதே" என்று விடுவது பிற்காலத்துக்கு வாங்கும் கடன். யு-பூட் தன் செட்டிங்கைச் சேமிக்கும் என்விரான்மென்ட்டுக்கும் ஒரே பிளாக் ஒதுக்காதீர்கள். இரண்டு மூன்று பிளாக் நீள எல்லை கொடுத்தால் முதலாவது கெட்டாலும் அடுத்ததில் எழுதிக்கொள்ளும்.

மீதி எல்லாவற்றையும் யுபிஐ கையில் கொடுங்கள்

பணம் அனுப்பும் யுபிஐ அல்ல. எம்டிடிக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவே உட்காரும், 2007இல் லினக்ஸ் 2.6.22இல் சேர்ந்த அடுக்கு இது. ரூட் ஃபைல் சிஸ்டம், செட்டிங், பதிவுகள் என்று மாறிக்கொண்டே இருக்கும் எதையும் இதன் மேல் வைப்பதுதான் சரி. எந்தத் தருக்கப் பிளாக் எந்த நிஜப் பிளாக்கில் இருக்கிறது என்பதை யுபிஐ பார்த்துக்கொள்ளும். எழுதும்போது பிழை வந்தால் டேட்டாவை வேறு பிளாக்குக்கு மாற்றி, பழையதைத் தனியே எடுத்துத் திரும்பத் திரும்ப அழித்து எழுதிச் சோதிக்கும், தேறாவிட்டால்தான் கெட்டது என்று குறிக்கும். ஒரே பிளாக் தேயாமல் அழிப்புகளைப் பரவலாக்குவதும் அதன் வேலை. எஸ்எல்சி பிளாக் ஒன்று ஏறத்தாழ 1,00,000 அழிப்பு வரை தாங்கும் என்று சொல்லப்பட்டாலும், ஒரே இடத்தில் நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவு எழுதினால் பத்து வாரத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

இந்தச் சிப்புக்கான எண்களைப் போட்டுப் பார்ப்போம். யுபிஐ ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் இரண்டு குறிப்புகள் எழுதும். சப்பேஜ் வசதி இல்லாவிட்டால் அதற்கு இரண்டு பேஜ் போகும், 131072இல் 4096 கழித்து 126976 பைட் மிஞ்சும். யுபிஐ மேல் ஓடும் ஃபைல் சிஸ்டமான யுபிஐஎஃப்எஸ்ஸுக்கு இமேஜ் கட்டும் 'எம்கேஎஃப்எஸ்.யுபிஐஎஃப்எஸ்' கட்டளைக்குக் கொடுக்க வேண்டிய பிளாக் அளவு இந்த 126976தான், 131072 அல்ல. சப்பேஜ் 512 பைட்டாக இருந்தால் 129024 வரும். இரண்டில் எது என்பதை யுபிஐ இணைக்கும்போது கெர்னல் காட்டும் வரியில் சரிபார்த்துவிட்டு இமேஜ் கட்டுங்கள்.

அடுத்தது, கெட்ட பிளாக்குக்காக யுபிஐ எடுத்து வைக்கும் சேமிப்பு. வழக்கமான அமைப்பில் 1024 பிளாக்குக்கு 20. இந்த 20 உங்கள் பார்ட்டிஷனின் அளவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, முழுச் சிப்பின் அளவை வைத்து. எல்லாக் கெட்ட பிளாக்குகளும் உங்கள் பார்ட்டிஷனிலேயே வந்து விழலாம் என்பதுதான் காரணம். 960 பிளாக் கொண்ட பார்ட்டிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 போக, யுபிஐயின் சொந்தச் செலவு 4. மீதி 936 பிளாக், 113 மெகாபைட் சொச்சம். 120 மெகாபைட் இருக்கிறதே என்று அதற்கேற்ப வால்யூம் (யுபிஐக்குள் பிரிக்கும் பகுதி) கட்டினால் இடமில்லை என்று திருப்பி அனுப்பும். சிறிய பார்ட்டிஷன்களாக மூன்று நான்கு யுபிஐ போடுவது ஏன் வீண் என்பதும் இதிலிருந்து தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியே 20 பிடித்துக்கொள்ளும். ஒரே பெரிய யுபிஐ, அதற்குள் பல வால்யூம், அதுதான் லாபம்.

இமேஜை ஏற்ற 'யுபிஐஃபார்மட்' பயன்படுத்துங்கள். 'ஃபிளாஷ்_எரேஸ்' போட்டுவிட்டு 'நேண்ட்ரைட்' செய்தாலும் சில சமயம் ஓடும். ஆனால் இரண்டு நஷ்டம் உண்டு. ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை தடவை அழிக்கப்பட்டது என்ற எண்ணிக்கை போய்விடும், 'யுபிஐஃபார்மட்' அதைக் காப்பாற்றும். இன்னொன்று, இமேஜின் கடைசியில் உள்ள வெற்று எஃப்எஃப் பேஜ்களையும் எழுதிவிட்டால், பார்க்கக் காலியாக இருந்தாலும் அவற்றுக்கு இசிசி எழுதப்பட்டிருக்கும். பிறகு ஃபைல் சிஸ்டம் அங்கே மறுபடி எழுதப்போனால் இசிசி பிழையில் முடியும். யு-பூட் வழியாக ஏற்றுகிறீர்கள் என்றால் 'நேண்ட் ரைட்.டிரிம்எஃப்எஃப்எஸ்' வகையைப் பயன்படுத்துங்கள். ஆலையில் புரோகிராமர் கருவியால் ஏற்றுவதானால், இமேஜ் கட்டும்போதே பெரிய 'எஃப்' விருப்பம் சேர்த்துவிட்டால் முதல் மவுன்ட்டின்போது யுபிஐஎஃப்எஸ் தானே காலி இடங்களைச் சரிசெய்துகொள்ளும்.

எந்தப் பிழைக்கு என்ன செய்வது

அழிக்கும்போது சிப் தோல்வி என்று சொன்னால் பேச்சே இல்லை, அந்தப் பிளாக்கைக் குறித்துவிடுங்கள். எழுதும்போது தோல்வி என்றால் அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். அதே பிளாக்கின் முந்தைய பேஜ்களில் நல்ல டேட்டா இருக்கும், அதை முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் குறிக்க வேண்டும்.

படிக்கும்போது வரும் பிட் பிழை வேறு ஜாதி. பலமுறை படிப்பதாலும், நாள்பட டேட்டா கிடப்பதாலும், வெப்பத்தாலும் பிட்டுகள் தடம் மாறும். பிளாக் நன்றாகவே இருக்கும், அழித்து மறுபடி எழுதினால் சரியாகிவிடும். 512 பைட்டுக்கு 4 பிட் திருத்தும் இசிசி இருந்தால், லினக்ஸ் அதில் முக்கால் பங்கை, அதாவது 3 பிட்டை, எல்லையாக வைத்துக்கொள்கிறது. அதை எட்டியதும் யுபிஐ டேட்டாவை வேறு பிளாக்குக்கு நகர்த்தும். கெர்னல் பதிவில் பிட் திருத்தியதாக வரும் வரியைப் பார்த்ததும் 'மார்க்பேட்' கொடுத்துக்கொண்டே போனால் நல்ல பிளாக்குகளைக் கையால் கொன்ற கதையாகும். திருத்த முடியாத பிழை என்றால் டேட்டா போனது போனதுதான், ஆனாலும் பிளாக்கை அழித்துச் சோதித்த பிறகே தீர்ப்பு.

சோதிக்க 'நேண்ட்டெஸ்ட்' இருக்கிறது. 'எம்' விருப்பம் கொடுத்தால் தேறாததைத் தானே குறிக்கும். 'கே' கொடுத்தால் பழைய உள்ளடக்கத்தைத் திருப்பி எழுத முயலும். இருந்தாலும் முக்கியமான டேட்டா உள்ள பார்ட்டிஷனில் ஓட்ட வேண்டாம், நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பிளாக் அம்போ.

திடீரென்று கெட்ட பிளாக் எண்ணிக்கை பத்து, ஐம்பது, நூறு என்று ஏறினால் சிப்பைக் கழற்றும் முன் வேறு நான்கைப் பாருங்கள். 3.3 வோல்ட் லைன் எழுதும் நேரத்தில் சரிகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் நல்ல பிளாக்கும் தோல்வி என்று சொல்லும். பின்களில் சால்டர் விட்டிருக்கிறதா? டிரைவரில் டைமிங்கை வேகமாக வைத்திருக்கிறீர்களா? கடைசியாக, யு-பூட்டும் கெர்னலும் ஒரே இசிசி அமைப்பில் இருக்கின்றனவா? ஒன்று ஸ்பேரின் முதல் பைட்டில் இசிசி எழுத, மற்றொன்று அதையே கெட்ட அடையாளமாகப் படித்தால் சிப் முழுவதும் ஒரே நாளில் "கெட்டுவிடும்". அப்போது சிப்பில் பிபிடியும் எழுதப்பட்டுவிட்டால், அமைப்பைத் திருத்திய பிறகும் பழைய தவறான அட்டவணையே படிக்கப்படும். முதலில் எழுதி வைத்த பட்டியல் அன்றைக்குத்தான் கைகொடுக்கும்.

சிப்பைக் கழற்றி நகலெடுக்கும்போது

ரிப்பேர் கடைகளில் பழைய சிப்பை முழுக்கப் படித்துப் புதுச் சிப்பில் அப்படியே இறக்குவார்கள். கெட்ட பிளாக் தொல்லை இல்லாத எஸ்பிஐ நார் வகை ஃபிளாஷ் சிப்பில் பழகிய கை இது, நேண்டில் பாதி நேரம் பலிக்காது. பழையதில் 37ஆம் பிளாக் கெட்டது, புதியதில் 512ஆம் பிளாக் கெட்டது என்றால் இடங்கள் பொருந்தாது.

செய்ய வேண்டிய முறை இது. பழைய சிப்பை ஸ்பேரோடு சேர்த்து ஒரு தடவை படித்து அப்படியே பத்திரப்படுத்துங்கள். பிறகு பார்ட்டிஷன் எல்லைகளைப் பிரித்துக்கொண்டு, பூட் பகுதி, கெர்னல், யுபிஐ என்று தனித்தனியே, ஒவ்வொன்றையும் அதன் எல்லைக்குள் மட்டும் தாண்டி எழுதும் முறையில் இறக்குங்கள். முழுச் சிப்புக்கும் சேர்த்து 'ஸ்கிப்' போட்டால் முதல் கெட்ட பிளாக்குக்குப் பின் எல்லாப் பார்ட்டிஷனும் ஒரு பிளாக் நகர்ந்துவிடும், கெர்னல் தன் இடத்தில் இருக்காது. பழைய சிப்பின் கடைசி நான்கு பிளாக்கை நகலெடுக்கவே வேண்டாம். அதில் இருப்பது பழைய சிப்பின் கெட்ட பிளாக் அட்டவணை. அது புதுச் சிப்பில் போனால் நல்லதைக் கெட்டது என்றும், உண்மையில் கெட்டதை நல்லது என்றும் கெர்னல் நம்பும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் முதல் பூட்டில் ஆலை அடையாளங்களைப் பார்த்துப் புது அட்டவணை தானே உருவாகும்.

லினக்ஸிலேயே படிப்பதானால் 'நேண்ட்டம்ப்' கட்டளையில் கெட்ட பிளாக்கை என்ன செய்வது என்று சொல்லலாம். 'பேட்பேட்' முறையில் கெட்ட இடத்தை எஃப்எஃப் இட்டு நிரப்பும், முகவரிகள் நகராது. ஆராய்ச்சிக்கு அது நல்லது. 'ஸ்கிப்பேட்' கெட்டதை விட்டுவிட்டு நல்லதை ஒட்டவைக்கும், 'நேண்ட்ரைட்' மூலம் திருப்பி எழுதப்போகும் கெர்னல் போன்ற பகுதிகளுக்கு அதுதான் வேண்டும்.

எப்போது சிப்பை மாற்றுவது

'யுபிஐஇன்ஃபோ' கட்டளையை எல்லா விவரமும் கேட்டு ஓட்டினால் கெட்ட பிளாக் எண்ணிக்கை, மீதமுள்ள சேமிப்பு, அதிகபட்ச அழிப்பு எண்ணிக்கை மூன்றும் வரும். பிபிடியின் நான்கு பிளாக்கும் அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருந்தால் அவையும் கெட்டதாகவே எண்ணப்படும். புதுப் போர்டிலேயே கெட்டது 4, சேமிப்பு 16 என்று காட்டுவது அதனால்தான். மாதம் ஒரு தடவை இந்த மூன்று எண்ணையும் பதிவில் சேர்த்து வாருங்கள். சேமிப்பு வருடத்துக்கு ஒன்று குறைந்தால் கவலையில்லை. ஒரே மாதத்தில் மூன்று குறைந்தால் மின்சார லைனையும் எழுதும் அளவையும் ஆராயுங்கள். 5க்குக் கீழே வந்துவிட்டால் போர்டை நிறுத்த வசதியான நாள் ஒன்றைப் பார்த்துச் சிப்பை மாற்றிவிடுவது நல்லது. சேமிப்பு 0 ஆன பின் அடுத்து ஒரு பிளாக் கெட்டால் யுபிஐ படிக்க மட்டும் விடும், எழுத விடாது. கருவி ஓடுவதுபோலவே தெரியும், எந்தச் செட்டிங்கும் சேமிக்கப்படாது.